சதுர அடிக்கு எவ்வளவு? வீடு கட்டும்போது தகராறு வராமல் இருக்க என்ன பேச வேண்டும்

சொந்த மனையில் வீடு கட்டப் போகிறவர் மேஸ்திரியிடம் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதுதான். அவரும் உடனே ஒரு தொகை சொல்வார். 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடி வீடு என்றால் 24 லட்சம். கொஞ்சம் பேரம் பேசி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து, பூமி பூஜைக்கு நாள் பார்த்துவிடுவார்கள். ஏழெட்டு மாதம் கழித்து அதே இரண்டு பேரும் ஒருவர் போனை ஒருவர் எடுக்காமல் இருப்பதை ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

அவர்களில் யாரோ ஒருவர் மோசடிக்காரர் என்று கேட்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலான சண்டைக்குக் காரணம் சாதாரணமானது: முதல் நாளில் பேசியிருக்க வேண்டியதைப் பேசவில்லை, பேசியதை எழுதவில்லை. வீட்டுக்காரர் ஒன்றை மனதில் வைத்திருந்தார், மேஸ்திரி வேறொன்றை. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது தெரியாத அந்த வித்தியாசம், டைல்ஸ் ஒட்டும்போது லட்சக்கணக்கில் வந்து நிற்கும்.

அந்த 2,400 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். எந்தச் சதுர அடிக்கு அது? 25 அடிக்கு 40 அடி வீட்டை வெளிச்சுவரின் வெளிப்பக்கத்தில் அளந்தால் 1,000 சதுர அடி வரும். சுவர் 9 அங்குலம் என்றால், உள்ளே அளக்கும்போது 23.5க்கு 38.5, அதாவது சுமார் 905 சதுர அடிதான். இடைவெளி 95 சதுர அடிக்குச் சற்று மேல். பணமாக 2,28,600 ரூபாய். நடைமுறையில் பெரும்பாலும் வெளிப்பக்க அளவைத்தான் எடுப்பார்கள். ஆனால் முதல்முறை வீடு கட்டுபவருக்கு அது தெரியாது, கடைசி பில்லில் பார்த்துத்தான் கொதிப்பார்.

போர்டிகோவை முழுசாகக் கணக்கிடுவதா, பாதியா? பால்கனி? மாடிப்படி மேலே போய் முடிகிற ஹெட்ரூம்? தண்ணீர்த் தொட்டி, சம்ப் (தரைக்கடியில் கட்டும் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், மொட்டை மாடியில் தட்டோடு, எலிவேஷன் (முகப்பு) வேலைப்பாடு, இதெல்லாம் அந்த 2,400க்குள் வருகிறதா, வெளியேயா? இவற்றுக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. ஒரு மேஸ்திரி சம்ப்பைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் அதற்குத் தனியாக லிட்டர் கணக்கில் ரேட் வைத்திருப்பார். இரண்டுமே நியாயம்தான், முதலிலேயே சொல்லியிருந்தால்.

ஜிஎஸ்டியையும் இதே இடத்தில் பேசிவிட வேண்டும். பொருளும் கூலியும் சேர்ந்த முழு ஒப்பந்தத்துக்கு வரி 18 சதவீதம். 24 லட்சத்துக்கு 4,32,000 ரூபாய். தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் அதற்கு வரிவிலக்கு உண்டு. சொன்ன தொகை வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று ஒரு வரி எழுதாததால் வருகிற மனக்கசப்பு கொஞ்சநஞ்சமல்ல.

மூன்று வகை ஒப்பந்தம், மூன்று வகைச் சண்டை

தமிழ்நாட்டில் வீட்டு வேலை பொதுவாக மூன்று விதமாகப் பேசப்படுகிறது. பொருளை நாம் வாங்கித் தர, கூலி மட்டும் அவர் வாங்கிக்கொள்வது லேபர் கான்ட்ராக்ட். பொருள், கூலி இரண்டும் அவர் பொறுப்பு என்பது முழு ஒப்பந்தம். ஒவ்வொரு வேலைக்கும் தனி ரேட் போட்டு, முடிந்த பிறகு அளந்து பணம் கொடுப்பது ஐட்டம் ரேட்.

கூலி ஒப்பந்தத்தில் தரம் பற்றிய சந்தேகம் குறைவு. சிமெண்டும் கம்பியும் நம் கையால் வாங்கியவை. அங்கே பிரச்சினை சேதாரம். கம்பித் துண்டுகள், உடைந்த செங்கல், மழையில் கட்டி தட்டிய சிமெண்ட் மூட்டை ஆகியவை யார் கணக்கு? வந்து இறங்கும் பொருளை எண்ணி ஒரு நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். எம்சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) யூனிட் கணக்கில் வரும், ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியின் உள்நீளம், அகலம், மணல் நிற்கிற உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்துவிட்டுக் கொட்டச் சொல்லலாம். கம்பிக்கும் கணக்கு எளிது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு சுமார் 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ. எடைமேடைச் சீட்டு இதோடு ஓரளவு ஒத்துப்போக வேண்டும்.

ஐட்டம் ரேட்டில் அளவுதான் சண்டை. சுவர்ப் பூச்சில் கதவு, ஜன்னல் வருகிற வெற்றிடத்தைக் கழிக்க வேண்டும் என்பார் வீட்டுக்காரர். ஓரங்களை வளைத்துப் பூசுவதற்கு யார் கூலி தருவார் என்பார் கொத்தனார். இதற்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 1200இல் விடை இருக்கிறது. அரை சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்பைக் கழிக்க வேண்டாம். அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். மறுபக்கத்தில் கழிக்காமல் விட்டதே ஓரப் பூச்சுக்கு ஈடாகிவிடும். 3க்கு 7 அடிக் கதவு 21 சதுர அடி, அதாவது 2 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு பக்கம் மட்டும் கழிவு. 'அளவுகள் ஐஎஸ் 1200 முறைப்படி' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால், சுவரடியில் நின்று கத்த வேண்டியதில்லை.

முழு ஒப்பந்தத்தில் எல்லாச் சந்தேகமும் தரத்தின் மேல். 'நல்ல கம்பி, நல்ல சிமெண்ட், நல்ல டைல்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். 'நல்ல' என்று எழுதினால் எழுதாத மாதிரிதான். கம்பி எஃப்ஈ 500டி தரம், இன்னின்ன மூன்று பிராண்டில் ஒன்று. ஸ்லாப் கான்கிரீட் எம்20 தரம். மெயின் கதவு தேக்கு, உள்கதவுகள் இன்ன வகை. சுவருக்கு ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் புட்டி, இரண்டு கோட் பெயிண்ட். இப்படி இருக்க வேண்டும். ஒரே பிராண்டைக் கட்டிப்பிடித்துக்கொள்வதும் வேண்டாம். அது கிடைக்காத வாரத்தில் வேலை நின்றுவிடும்.

டைல்ஸ், குழாய் ஃபிட்டிங், ஸ்விட்ச் மாதிரி பிற்பாடு கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்கிற பொருள்களுக்கு விலை உச்சவரம்பு வைப்பது வழக்கம். 'தரை டைல்ஸ் சதுர அடிக்கு 60 ரூபாய் வரை' என்பார்கள். அது கடை விலையா, வரியும் வண்டி வாடகையும் சேர்த்தா, 90 ரூபாய் டைல்ஸ் எடுத்தால் வித்தியாசத்தை மட்டும் கொடுப்பதா, 45 ரூபாய்க்கு எடுத்தால் மிச்சம் நமக்குத் திரும்ப வருமா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மின்சார வேலையில் பாயிண்ட் எண்ணிக்கைதான் எல்லாம். அறைக்கு அறை எத்தனை லைட், எத்தனை பிளக், ஏசி எங்கே, இன்வெர்ட்டர் லைன் எங்கே என்று வரைபடத்தில் குறிக்காமல் சுவரை வெட்ட விடாதீர்கள்.

பணம் எப்போது கை மாற வேண்டும்

கான்கிரீட் கூரை போட்டு முடிந்ததும் வீடே முடிந்த மாதிரி ஒரு தோற்றம் வரும். ஆனால் செலவில் ஏறக்குறைய பாதிதான் அதுவரை ஆகியிருக்கும். பூச்சு, தரை, கதவு, வயரிங், பிளம்பிங், பெயிண்ட் எல்லாம் சேர்ந்து மீதிப் பாதியை விழுங்கும். இது தெரியாமல் கூரை நிலைக்குள் முக்கால் பணத்தைக் கொடுத்துவிட்டவர்கள்தான் அப்புறம் மேஸ்திரியைத் தேடி அலைகிறவர்கள். அவர் கையிலோ மீதி வேலைக்குப் பணம் இருக்காது. வேறொரு சைட்டின் முன்பணத்தை எதிர்பார்த்து நின்றிருப்பார்.

ஒரு மாதிரிக் கணக்கு: முன்பணம் 5 சதவீதம், பேஸ்மெண்ட் (வீட்டின் தரைமட்டம் வரையிலான அடித்தளம்) முடிந்ததும் 15, லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தில் 10, கூரை கான்கிரீட் போட்டதும் 20. இதோடு பாதி. உள்வெளிப் பூச்சு முடிந்தால் 15. தரை, வயரிங், பிளம்பிங்குக்கு 15. கதவு, பெயிண்டுக்கு 10. சாவி கொடுக்கும்போது 5. கடைசி 5 சதவீதம் பிடித்தம், அதை எப்போது கொடுப்பது என்று பின்னால் சொல்கிறேன். இந்த எண்களை அப்படியே எடுக்க வேண்டும் என்றில்லை. எந்தக் கட்டத்திலும் கொடுத்த பணத்தைவிடச் செய்த வேலையின் மதிப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் என்றால் கொஞ்சம். ரொம்பக் கூடுதலாக இருந்தால் அவர் கடன் வாங்கி நம் வீட்டைக் கட்டுகிறார் என்று அர்த்தம்.

இதில் வீட்டுக்காரர்கள் பக்கமும் தப்பு உண்டு. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். வங்கிக் கடன் தவணை இன்னும் வரவில்லை என்று நாம் இரண்டு வாரம் இழுத்தால், ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். வங்கிக் கடனில் கட்டுகிறவர், வங்கி எந்தெந்த நிலையில் பணம் விடுவிக்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டு, ஒப்பந்தத் தவணையை அதோடு பொருத்திக்கொள்ள வேண்டும். ஒரு கட்டம் முடிந்தது என்று அறிவித்த எத்தனை நாளுக்குள் பணம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். மேஸ்திரிக்கும் அது பாதுகாப்பு.

எக்ஸ்ட்ரா

என் கணிப்பில், தகராறுக்கான மற்ற எல்லாக் காரணங்களையும் சேர்த்தாலும் நடுவில் சேர்க்கிற கூடுதல் வேலை என்ற இந்த ஒன்றுக்கு ஈடாகாது. இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"மேஸ்திரி, மாடிப்படிக்குக் கீழே இடம் சும்மாதானே கிடக்கு, ஒரு சின்ன பாத்ரூம் போட்ரலாமா?"

"போட்ரலாம் சார், அதுக்கென்ன."

பேச்சு அதோடு முடிந்தது. வீட்டுக்காரர் இதை மேஸ்திரியின் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். மேஸ்திரி தன் நோட்டில் 'பாத்ரூம் தனி' என்று எழுதிக்கொள்கிறார். நாலு மாதம் கழித்து 85,000 ரூபாய் என்று பில்லில் வரும்போது ஒருவருக்கு அது கொள்ளை, மற்றவருக்கு அது உழைப்பு.

"நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே, ஏன் தர வேண்டும்?" என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 70ஆவது பிரிவின்படி, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாகச் செய்து கொடுத்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆகவே எழுத்து இல்லை என்பதாலேயே பணம் தர வேண்டாம் என்று ஆகிவிடாது. எவ்வளவு என்பதுதான் இழுபறியாகும்.

தீர்வு ரொம்பச் சின்னது. கூடுதல் வேலை எதுவானாலும், அதைத் தொடங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் மூன்று விஷயம்: என்ன வேலை, எவ்வளவு கூடுதல் பணம், எத்தனை நாள் கூடுதலாகும். எதிரில் இருப்பவர் 'சரி' என்று பதில் போட்டால் வேலை தொடங்கலாம். நாள் கணக்கை மறந்துவிடக் கூடாது. பாத்ரூம் போட்டதால் பூச்சு பத்து நாள் தள்ளிப்போனதை மறந்துவிட்டு, தாமதம் என்று அவரையே திட்டுவோம். சில வேலை குறைவதும் உண்டு. பரண் வேண்டாம் என்று விட்டால் அதற்கான கழிவையும் இதே மாதிரி எழுதிக்கொள்ளலாம். இன்னொன்று, சைட்டில் உத்தரவு போடுகிறவர் ஒருவராக இருக்க வேண்டும். காலையில் அப்பா ஜன்னலை இடது பக்கம் வைக்கச் சொல்லி, மாலையில் மருமகன் வந்து வலது பக்கம் மாற்றச் சொன்னால், இடித்துக் கட்டிய கூலிக்கு யார் பொறுப்பு?

மூடிப் போவதற்கு முன்

கட்டட வேலையில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கம்பியின் மேல் கான்கிரீட் விழுகிறது, குழாயின் மேல் பூச்சு விழுகிறது. மூடிய பிறகு கம்பி 6 அங்குல இடைவெளியில் இருந்ததா 8 அங்குலமா என்று நிரூபிக்க இரு தரப்புக்கும் வழியில்லை. அதனால் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் பொறியாளர் வந்து கம்பியைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அளவு டேப்பை வைத்து போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். பாத்ரூம் பள்ளத்தில் தண்ணீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசியதும், இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துப் பார்த்த பிறகே மண் நிரப்ப வேண்டும். கான்கிரீட் போடும்போது அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கனசதுர மாதிரிகள் எடுத்து 28ஆம் நாள் ஆய்வகத்தில் உடைத்துப் பார்ப்பது பெரிய செலவில்லை. பின்னால் விரிசல் வந்தால் கலவையைக் குறை சொல்லலாமா கூடாதா என்பதற்கு அந்தச் சீட்டு பதில் சொல்லும்.

விரிசல் என்றதும் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவது பற்றிச் சொல்ல வேண்டும். ஐஎஸ் 456 தரநிலை சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி (போசோலானா சிமெண்ட்) மாதிரிக் கலப்புச் சிமெண்டுக்கும் வெயில் கொளுத்தும் காலத்துக்கும் 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. அந்தத் தண்ணீரை ஊற்றுவது யார், தண்ணீருக்குக் காசு யார்? ஊற்றுவது வீட்டுக்காரர் வேலை என்று பல மேஸ்திரிகள் உறுதியாக நம்புகிறார்கள். தற்காலிக மின் இணைப்பு, அதன் கட்டணம், காவலாள், வரைபட அனுமதிக்கு அலைவது ஆகியவையும் இதே ரகம்.

வரைபடத்தை மீறிப் பக்கத்துச் சுவர்வரை இழுத்துக் கட்டச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 சொல்கிற பக்க இடைவெளியை விடாமல் கட்டினால், அண்டை வீட்டார் புகாரில் வேலை நிற்கும். நின்ற நாளுக்கு மேஸ்திரி நம்மிடம்தான் கேட்பார். கடைக்கால் தோண்டுவதற்கு முன் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இருக்கிற விரிசல்களை, அவர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டே படம் எடுத்துவிடுங்கள்.

தாமதம் பற்றிச் சுருக்கமாக. முடிக்க வேண்டிய தேதியோடு, எந்தத் தாமதத்துக்கு அவருக்குக் கூடுதல் நாள் உண்டு என்பதையும் எழுத வேண்டும்: வடகிழக்குப் பருவமழை, தீபாவளி பொங்கலுக்கு ஊருக்குப் போகிற ஆட்கள், நாம் டைல்ஸ் தேர்வு செய்யத் தாமதித்த நாட்கள். தாமதத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று ஈட்டுத்தொகை வைக்கலாம். ஆனால் பயமுறுத்துவதற்காகப் பெரிய தொகை வைத்துப் பயனில்லை. ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நீதிமன்றம் அதற்குள் நியாயமானதைத்தான் வழங்கும்.

மூன்றாவது ஆள்

பெரிய திட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் மலையைக் குடைந்து போட்ட ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையின் முதல் குழாய் 1968இல் தொடங்கி 1973இல்தான் திறந்தது. பாறை எதிர்பார்த்தபடி இல்லை. செலவும் தகராறும் ஏறின. பக்கத்திலேயே இரண்டாவது குழாயை 1975இல் தொடங்கும்போது, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நிபுணர் குழு ஒன்றை முதலிலேயே அமர்த்தினார்கள். தகராறு முற்றிய பிறகு தேடிப் போகிற நீதிபதிகள் மாதிரி இல்லாமல், வேலை நடக்கும்போதே சைட்டுக்கு வந்து பார்த்து, கருத்து வேறுபாடு வந்த உடனே தங்கள் பரிந்துரையைச் சொல்கிறவர்கள். இன்று உலகெங்கும் பெரிய ஒப்பந்தங்களுக்குப் பயன்படும் ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தங்களிலும் இப்படி ஒரு வாரியம் இருக்கிறது. 2017 பதிப்பில் அதன் பெயரிலேயே 'தகராறு தவிர்ப்பு' என்பதைச் சேர்த்துவிட்டார்கள்.

24 லட்ச ரூபாய் வீட்டுக்கு மூன்று பேர் வாரியம் தேவையில்லை. இரண்டு பேருக்கும் சொந்தமோ வியாபாரத் தொடர்போ இல்லாத ஒரு சிவில் பொறியாளரின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதி, அவர் கட்டணத்தைப் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டால் போதும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் வந்து பார்ப்பார். அளவிலோ தரத்திலோ பேச்சு வந்தால் அவர் சொல்வதை முதலில் கேட்பது என்று வைத்துக்கொள்ளலாம். வேலை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மேஸ்திரியின் மச்சானை இந்த இடத்தில் போடாதீர்கள், உங்கள் மச்சானையும்தான்.

இவ்வளவுக்கும் பிறகு முறிந்துவிட்டால், வேறு மேஸ்திரியைக் கூட்டிவருவதற்கு முன் அதுவரை நடந்த வேலையைப் பொறியாளரை வைத்து அளந்து, படம் எடுத்து, பழைய மேஸ்திரிக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். புதியவர் ஒரு கல் வைத்துவிட்டாலும் பழையது எது புதியது எது என்று பிரிக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் 'சேவை' என்பதற்குள் வீடு கட்டுவதும் வருகிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், புகாருக்கு இரண்டு ஆண்டு கெடு. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு விதி (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவரிடம் விடுவது) இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. சின்ன வீட்டுக்கு நடுவர் செலவு கட்டுப்படியாகாது என்பதால், அந்த விதியை எங்கிருந்தோ நகலெடுத்துச் சேர்க்காமல் இருப்பதே மேல். பில்டரிடம் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்கு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தனியாக இருக்கிறது. சொந்த மனையில் தனக்காகக் கட்டிக்கொள்பவரின் மேஸ்திரியை அதில் இழுக்க முடியாது.

சுமுகமாக முடிந்தால், சாவி வாங்கும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து அறை அறையாக நடந்து குறைகளைப் பட்டியல் போடுங்கள்: மூடாத கதவு, சாய்வு சரியில்லாமல் தண்ணீர் தேங்குகிற பாத்ரூம் தரை, வேலை செய்யாத பிளக். எதை எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று கையெழுத்து. கூடுதலும் கழிவும் சேர்த்த இறுதிக் கணக்கிலும் அன்றே கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பிடித்து வைத்த 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு கொடுப்பது என்று முதலிலேயே பேசியிருந்தால் நல்லது. ஏப்ரலில் குடி போகிற வீட்டில் கூரை ஒழுகுமா என்பது நவம்பரில்தான் தெரியும். டிசம்பர் கடைசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டு, சுவரைப் பார்க்கச் சொல்லி, பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.